ஓட்டுநர் தனியார், நடத்துநர் அரசு: நம் பேருந்து யார் பொறுப்பில்?

சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து புறப்படும் மின்சாரப் பேருந்தில் இரண்டு பேர் டூட்டி பார்க்கிறார்கள். கையில் டிக்கெட் கருவியும் தோளில் பையுமாக நிற்கும் நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியர். ஊதிய ஒப்பந்தம், பணி மூப்பு, குறை சொல்லச் சங்கம் எல்லாம் அவருக்கு உண்டு. அவருக்குச் சில அடி முன்னால் ஸ்டீயரிங் பிடித்திருக்கும் ஓட்டுநரைத் தனியார் நிறுவனம் வேலைக்கு வைத்திருக்கிறது. பேருந்தும் அந்த நிறுவனத்துடையதுதான். வழித்தடமும் கட்டணமும் வசூலும் கழகத்தின் கையில் இருக்கின்றன. ஏறி உட்காரும் பயணிக்கு இந்தப் பிரிவினை எதுவும் கண்ணில் படாது. அவருக்கு அது வழக்கம்போல கவர்மென்ட் பஸ்.

2025 ஜூன் 30 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் 120 மின்சாரப் பேருந்துகளைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்தபோது சென்னையில் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த ஓம் குளோபல் மொபிலிட்டி நிறுவனம் 12 ஆண்டு ஒப்பந்தத்தில் அவற்றை இயக்குகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெரும்பாக்கம், பிறகு பூந்தமல்லி என்று திட்டம் அடுத்தடுத்த பணிமனைகளுக்கு நீண்டது. முதற்கட்டத்தில் மொத்தம் 625 பேருந்துகள் வரவேண்டும் என்பது இலக்கு.

தனியார்மயத்தின் முதல் படி இது என்கின்றன தொழிற்சங்கங்கள். வழித்தடத்தையும் கட்டணத்தையும் நாங்கள் தீர்மானிக்கும்போது இது எப்படித் தனியார்மயம் ஆகும் என்று அரசுத் தரப்பு கேட்கிறது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே சண்டை நடப்பதால், ஒப்பந்தத்துக்குள் என்ன இருக்கிறது என்ற பேச்சு எழவே இல்லை. தினமும் லட்சக்கணக்கான பேர் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்வருவதை அடுத்த 12 ஆண்டுகளுக்குத் தீர்மானிக்கப்போவது அந்த ஒப்பந்தம்தான். அதைப் பற்றித்தான் நாம் இப்போது பேச வேண்டும்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு

பேருந்துச் சேவையைத் தனியாரிடம் ஒப்படைப்பதில் முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. டிக்கெட் பணத்தை இயக்குபவரே எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று. லாபமும் நஷ்டமும் அவருடையது. இன்னொன்று சென்னை தேர்ந்தெடுத்திருக்கும் மொத்தச் செலவு ஒப்பந்தம். அதிகாரிகளும் சங்கத்தினரும் இதை ஜி.சி.சி. என்றே சொல்கிறார்கள். பேருந்து வாங்குவது, ஓட்டுநரை நியமிப்பது, சார்ஜ் ஏற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் நிறுவனத்தின் வேலை. ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கழகம் அதற்குப் பணம் கட்டும். டிக்கெட் வசூல் கழகத்துக்கு வந்துவிடும்.

கணக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். எளிமைக்காக ஒரு கிலோமீட்டருக்கு 80 ரூபாய் என்றும், ஒரு பேருந்து நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பேருந்துக்கு நாளொன்றுக்கு 16,000 ரூபாய். 625 பேருந்துகளுக்குச் சரியாக ஒரு கோடி ரூபாய். வருடத்துக்கு 365 கோடி. விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப உயர்த்தித் தரும் தொகையைச் சேர்க்காமலேயே 12 ஆண்டுகளுக்கு 4,380 கோடி. பேருந்து நிரம்பி வழிந்தாலும் நாலு பேரோடு ஓடினாலும் இந்தப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். போதாததற்கு, இத்தகைய ஒப்பந்தங்களில் தினமும் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பணம் தருவதாக அரசுத் தரப்பு உறுதி கொடுப்பது வழக்கம். கழகமே சேவையைக் குறைத்தாலும் ஒரு பங்கு பணம் போய்ச் சேரும்.

இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. டிக்கெட் பணத்தோடு ஓட்டுநருக்குச் சம்பந்தம் இல்லாததால், முன்னால் போகும் பேருந்தை முந்திக் கூட்டத்தை அள்ள வேண்டும் என்ற வெறி இருக்காது. அதே காரணத்தால் பயணி மீது அக்கறை குறையும் ஆபத்தும் உண்டு. நிறுத்தத்தில் கைநீட்டி நிற்கும் பத்துப் பேரை ஏற்றாமல் போனாலும் கிலோமீட்டர் கிலோமீட்டர்தான். அதனால்தான் இந்த முறையில் அபராத விதிகள் அத்தனை முக்கியமாகின்றன. நிறுத்தத்தில் நிற்காமல் போனால் எவ்வளவு, டிரிப் வெட்டினால் எவ்வளவு, ஏசி வேலை செய்யாவிட்டால் எவ்வளவு, கதவைத் திறந்துவைத்து ஓட்டினால் எவ்வளவு என்பதெல்லாம் காகிதத்தில் இருப்பதோடு நில்லாமல் மாதாமாதம் பிடிக்கப்படவும் வேண்டும்.

தாழ்தளப் பேருந்தை எடுத்துக்கொள்வோம். மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடி, இந்த நகரத்துக்கு வாங்கித் தந்த வசதி அது. சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏற வேண்டுமென்றால் ஓட்டுநர் பேருந்தை நடைமேடையை ஒட்டி, ஒரு சாண் இடைவெளிக்குள் நிறுத்த வேண்டும். வண்டியைப் பக்கவாட்டில் தாழ்த்த வேண்டும். ஒருவர் இறங்கி வந்து சாய்வுப் பலகையை விரிக்க வேண்டும். நிறுத்தத்தில் ஆட்டோ நிற்கிறது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், நேரம் போகிறது என்று ஓட்டுநர் நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டால், ஒரு கோடி ரூபாய்க்கு மேல் விலை பெறும் அந்தப் பேருந்து சக்கர நாற்காலிக்காரருக்குப் பயன்படாது. முழங்கால் வலியோடு பையைத் தூக்கிக்கொண்டு ஏறும் பாட்டிக்கும் பயன்படாது. சரியாக நிறுத்த வேண்டியவர் நிறுவனத்தின் ஓட்டுநர். பயணியின் பக்கம் நின்று கேட்க வேண்டியவர் கழகத்தின் நடத்துநர். அவர் சொன்னால் இவர் கேட்டாக வேண்டுமா? கேட்காவிட்டால் புகார் எந்த அலுவலகத்துக்குப் போகும்? இதுபோன்ற சின்னக் கேள்விகளுக்கான பதிலை வைத்துத்தான் ஒப்பந்தத்தின் தரத்தை எடைபோட வேண்டும்.

கழகங்களின் கை ஏன் வறண்டது?

தமிழ்நாட்டில் அரசுப் பேருந்து ஓடுவதற்கே ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் மதுரையில் டி.வி.எஸ்., பொள்ளாச்சியில் ஆனைமலை பஸ் போன்ற பெரிய தனியார் நிறுவனங்களே ஊர்களை இணைத்தன. டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தனியார் என்றாலே மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் லாபம் வரும் சாலையில் நன்றாக ஓடிய பேருந்து, லாபம் வராத கிராமத்துக்குப் போகவில்லை. கலைஞர் கருணாநிதியின் ஆட்சியில் பெரிய நிறுவனங்களின் பேருந்துகள் அரசுடைமையாயின. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன் என்று கழகங்கள் பிறந்தன. பின்னாளில் மேலும் சில கழகங்கள் வந்தன; ஒவ்வொரு வட்டாரமும் தன் கழகத்தின் பெயரையும் நிறத்தையும் சொந்தம் கொண்டாடியது. 1997இல் தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பிறகு தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு, அனைத்தும் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் என்றாயின. இன்று எட்டுக் கழகங்கள் சேர்ந்து இருபதாயிரத்தை ஒட்டிய பேருந்துகளை இயக்குகின்றன. மலையடிவாரத்தில் கடைசி வீடு வரை போய்த் திரும்பும் பேருந்தும், பால் கேனையும் பூக்கூடையையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் டவுனுக்கு வரும் பேருந்தும் இந்த அரசுடைமையின் விளைவு. தமிழ்நாட்டுப் பெண் கல்வியின் வளர்ச்சியில் இலவச பஸ் பாஸுக்கு இருக்கும் பங்கை யாரும் மறுக்க மாட்டார்கள்.

அந்தக் கழகங்கள் ஏன் இப்போது சொந்தமாகப் பேருந்து வாங்க முடியாமல் நிற்கின்றன? முதல் காரணம் கட்டணம். 2018 ஜனவரியில் கட்டணம் கடுமையாக உயர்ந்தது; எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே கொஞ்சம் குறைக்கப்பட்டது. அதன் பிறகு ஏழாண்டுகளுக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை. டீசல், டயர், சம்பளம் எல்லாம் ஏறிக்கொண்டே போயின. கட்டணத்தை உயர்த்தாமல் இருப்பது மக்கள் நலன் என்றால், அதனால் ஏற்படும் பள்ளத்தை அரசு தன் கஜானாவிலிருந்து ஆண்டுதோறும் நிரப்பியாக வேண்டும். அது முழுமையாக நடக்காததால் கழகங்கள் கடன் வாங்கின. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணத்தையே செலவுக்கு எடுத்தன. ஓய்வுபெற்றவர்கள் தங்கள் பணப்பலனுக்கும் அகவிலைப்படிக்கும் வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இந்த மாநிலம் எடுத்த மிகச் சிறந்த முடிவுகளில் அதுவும் ஒன்று. அதற்காக அரசு கழகங்களுக்கு ஈடு தருகிறது. ஆனால் பேருந்துகளின் எண்ணிக்கை கூட்டத்துக்கு ஏற்ப உயரவில்லை. சென்னையில் இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகள்தான்.

பல ஆண்டுகள் ஓட்டுநர், நடத்துநர் நியமனமும் முடங்கிக் கிடந்தது. ஓய்வுபெறுபவரின் இடத்துக்கு ஆள் வராததால் வண்டி நல்ல நிலையில் இருந்தும் டூட்டி பார்க்க ஆளின்றிப் பணிமனையில் நின்றது. இந்தப் பற்றாக்குறை தானாக வந்ததல்ல. மாறி மாறி வந்த ஆட்சிகள் எடுக்காமல் தள்ளிப்போட்ட முடிவுகளின் விளைவு.

இந்த நேரத்தில் மின்சாரப் பேருந்து வந்தது. டீசல் பேருந்தைவிட அதன் விலை மிக அதிகம். ஒன்றிய அரசின் ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டம், கிலோமீட்டர் அடிப்படையில் ஒப்பந்தத்துக்கு எடுக்கும் மின்சாரப் பேருந்துகளுக்கே மானியம் என்றது. 2023 ஆகஸ்டில் அறிவித்த பி.எம். இ-பஸ் சேவா திட்டமும் 10,000 பேருந்துகளைத் தனியார் பங்கேற்பில்தான் கொண்டுவரச் சொன்னது. சென்னைக்கான மாற்றங்களுக்கு 15 கோடி டாலர் கடன் தர 2021இல் முன்வந்த உலக வங்கியும் இந்த முறையையே ஊக்குவித்தது. சொந்தமாக வாங்கினால் மொத்தப் பணத்தையும் இப்போதே போட வேண்டும். ஒப்பந்தம் என்றால் மாதாமாதம் கட்டினால் போதும். கையில் காசு இல்லாத கழகத்துக்கு முன்னால் ஒரே கதவுதான் திறந்திருந்தது.

மும்பையில் நடந்தது

இந்தக் கதவு வழியாக நமக்கு முன்பே நுழைந்த நகரம் மும்பை. மாநகராட்சியைச் சேர்ந்த பெஸ்ட் நிறுவனத்தின் பேருந்து அந்த நகரத்தின் பெருமை. 1926இல் தொடங்கிய சேவை. நாட்டின் வேறெந்த நகரமும் அதன் ஒழுங்கை எட்ட முடியாது என்று சொல்லப்பட்டது. 2019 ஜனவரியில் பெஸ்ட் தொழிலாளர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு, பெஸ்ட்டின் சொந்தப் பேருந்துகள் 3,337க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வோம் என்ற உறுதியோடு தொழிற்சங்கத்துடன் உடன்பாடு கையெழுத்தானது. ஒப்பந்தப் பேருந்துகளும் வந்தன. ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய்க்கு இறங்கியது. மக்கள் மகிழ்ந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை ஒவ்வொரு தமிழ்நாட்டு அதிகாரியும் படிக்க வேண்டும். பழைய சொந்தப் பேருந்துகள் ஆயுள் முடிந்து கழிக்கப்பட்டன. அவற்றின் இடத்துக்குப் புதிய சொந்தப் பேருந்து வரவில்லை. உடன்பாடு காகிதத்தில் கிடந்தது. 2022 அக்டோபரில் ஒரு ஒப்பந்த நிறுவனம், கட்டுப்படியாகவில்லை என்று கைவிரித்து 275 சிறிய பேருந்துகளோடு விலகியது. அடுத்தடுத்து வேறு நிறுவனங்களும் வெளியேறின. டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கே ஒப்பந்தம் என்றானபோது, தாங்க முடியாத விலைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் எரிபொருள் விலை ஏறியதும் ஓடிவிட்டார்கள். அவர்கள் போனால் பேருந்தும் போய்விடும். பெஸ்ட்டின் கையில் மாற்று வண்டி இல்லை.

2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒப்பந்த ஓட்டுநர்கள் சம்பள உயர்வு கேட்டு முலுண்ட், காட்கோபர் பணிமனைகளில் வேலையை நிறுத்தினார்கள். போராட்டம் நகரின் பெரும்பாலான பணிமனைகளுக்குப் பரவி ஒரு வாரம் போல நீடித்தது. அவர்களோடு பேச பெஸ்ட்டுக்குச் சட்டப்படி இடமே இல்லை. அவர்களுக்கு முதலாளி வேறு. நிறுவனமோ பெஸ்ட்டைக் கைகாட்டியது. பேருந்து இல்லாமல் நின்ற மக்களுக்காக மாநில அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வண்டிகளைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் முதல்வரே தலையிட்டார்.

2024 டிசம்பர் 9 இரவு குர்லாவில் ஒரு ஒப்பந்த மின்சாரப் பேருந்து கட்டுப்பாடு இழந்து நெரிசலான சாலையில் பாய்ந்தது. ஏழு பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நீளமான, கியர் இல்லாத மின்சாரப் பேருந்தை ஓட்ட அந்த ஓட்டுநருக்குப் போதிய பயிற்சி தரப்பட்டதா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. டீசல் வண்டியில் பழகிய காலுக்கு மின்சாரப் பேருந்தின் ஆக்சிலரேட்டர் புதிது. மிதித்த கணத்தில் முழு இழுவையும் வந்துவிடும். அதைப் பழக வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். பயிற்சி நாட்களில் வண்டி கிலோமீட்டர் சம்பாதிக்காது என்பதால் அதைச் சுருக்கும் ஆசை இயக்குபவருக்கு எப்போதும் இருக்கும்.

2025இல் பெஸ்ட்டின் சொந்தப் பேருந்துகள் சில நூறாகச் சுருங்கிவிட்டன. ஒரு காலத்தில் நாலாயிரத்தைத் தாண்டியிருந்த மொத்த எண்ணிக்கை மூவாயிரத்துக்கும் கீழே போனது. அந்த ஆண்டு மே 9 அன்று குறைந்தபட்சக் கட்டணம் இருமடங்காகி 10 ரூபாய் ஆனது. செலவைக் குறைப்பதாகச் சொல்லி வந்த முறை, கடைசியில் பேருந்தையும் குறைத்தது, கட்டணத்தையும் ஏற்றியது. கட்டண உயர்வுக்கு ஒப்பந்தங்கள் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மாநகராட்சி தந்த பணம் நஷ்டத்தை ஈடுகட்டப் போதாததும் ஒரு காரணம். ஆனால் சொந்தப் பேருந்து இல்லாத நிறுவனத்துக்கு நெருக்கடி நேரத்தில் பேரம் பேசும் வலிமை இல்லாமல் போகும் என்பதை மும்பை மறுக்க முடியாத வகையில் காட்டியிருக்கிறது.

லண்டன், மான்செஸ்டர், சிங்கப்பூர்

ஒப்பந்த முறைக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் லண்டனைக் காட்டுவார்கள். அந்த உதாரணத்தை மதிக்கத்தான் வேண்டும். 1985 முதல் அங்கே வழித்தடம் வழித்தடமாக டெண்டர் விடுகிறார்கள். ஓட்டுவது பல நிறுவனங்கள். ஆனால் வழித்தடம், நேர அட்டவணை, கட்டணம், சிவப்பு நிறம் எல்லாம் நகரப் போக்குவரத்து ஆணையத்துடையவை. பேருந்துக்காக மக்கள் அட்டவணையைவிட எத்தனை நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தார்கள் என்று அளந்து, அது குறைந்தால் ஊக்கத்தொகையும் கூடினால் பிடித்தமும் செய்கிறார்கள். எந்த வழித்தடம் எப்படி ஓடுகிறது என்ற விவரத்தை ஆணையம் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒப்பந்தம் நீண்ட காலம் பொதுவாக ஐந்தாண்டு என்றே இருந்தது. நன்றாக ஓட்டினால் இரண்டாண்டு நீட்டிப்பு. அந்த லண்டனிலும் ஆரம்ப ஆண்டுகளில் மிச்சமான பணத்தில் ஒரு பங்கு ஓட்டுநர்களின் சம்பளத்திலிருந்து வந்ததுதான்.

லண்டனுக்கு வெளியே இங்கிலாந்து என்ன செய்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. 1986 அக்டோபரில் மற்ற நகரங்களில் பேருந்துச் சேவையை முழுக்கச் சந்தையிடம் விட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் என்ன கட்டணத்துக்கும் ஓட்டலாம் என்றானது. லாபமான சாலையில் போட்டி போட்டு ஓடினார்கள். மற்ற பகுதிகள் கைவிடப்பட்டன. மான்செஸ்டர் பெருநகரம் 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் தன் பேருந்துகள் அனைத்தையும் மீண்டும் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. தனியார் நிறுவனங்கள் நீதிமன்றம் போய்த் தோற்றன. அந்த நகரம் அதிகாரத்தை மீட்கப் பயன்படுத்திய கருவியும் ஒப்பந்தம்தான். சந்தையின் கையிலிருந்ததை மக்கள் பக்கம் இழுத்தது அங்கே. அரசின் கையிலிருந்ததை வெளியே அனுப்புகிறது இங்கே. ஒரே கருவி எந்தத் திசையில் வேலை செய்கிறது என்று பார்க்காமல், வெளிநாட்டிலும் இதே முறைதான் என்று சொல்வது அரைகுறை உண்மை.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் சிங்கப்பூரில் இருக்கிறது. 2016இல் ஒப்பந்த முறைக்கு மாறிய அந்த நாடு, பேருந்துகளையும் பணிமனைகளையும் அரசுடைமை ஆக்கிக்கொண்டது. நிறுவனம் ஓட்டும், பராமரிக்கும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த டெண்டரில் இன்னொரு நிறுவனம் வரும். வண்டி அதே பணிமனையிலிருந்து அதே நேரத்துக்குக் கிளம்பும். புதிதாக வரும் நிறுவனம் பழைய ஓட்டுநர்களுக்கு முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனையில் வேலை தந்தாக வேண்டும். இந்த ஏற்பாடு மும்பையில் இருந்திருந்தால் 2022இல் 275 பேருந்துகள் ஒரே வீச்சில் மறைந்திருக்காது.

டிக்கெட் பணத்தைத் தனியாருக்கே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி சாட்சி. 1992இல் அங்கே வந்த ரெட்லைன் பேருந்துகள் பிறகு புளூலைன் ஆயின. அன்றன்றைய வசூலில் வாழ்ந்த பேருந்துகள் பயணிகளுக்காகச் சாலையில் பந்தயம் ஓடின. விபத்து விபத்தாக உயிர்கள் போயின. மக்களின் கோபம் தாங்காமல் அந்தப் பேருந்துகளையே சாலையிலிருந்து அகற்ற வேண்டிவந்தது. சென்னை அந்த வழியைத் தேர்ந்தெடுக்காதது சரியான முடிவு.

ஸ்டீயரிங் பிடிப்பவரின் பாதுகாப்பு

2023 மே 29 மாலை சென்னையில் திடீரென்று மாநகரப் பேருந்துகள் நின்றன. தனியார் மூலம் ஓட்டுநர்களை எடுக்கும் முயற்சியை எதிர்த்து, அன்றைய ஆளுங்கட்சியின் தொழிற்சங்கமான தொ.மு.ச.வினர் உள்பட ஊழியர்கள் வண்டியைப் பணிமனைக்குத் திருப்பினார்கள். அரசு பேசியபின் இரவுக்குள் நிலைமை சீரானது. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய பயணிகள் தவித்ததை நியாயப்படுத்த முடியாது. அந்தக் கோபத்தின் காரணத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. தமிழ்நாட்டில் ஓட்டுநர் வேலை, படிப்பு குறைந்த ஒரு குடும்பம் நிம்மதியான வாழ்வுக்குள் நுழையும் வாசலாக அரை நூற்றாண்டு இருந்திருக்கிறது. இட ஒதுக்கீட்டோடு நியமனம், ஊதிய ஒப்பந்தம், ஓய்வூதியம் என்று அந்த வாசல் அகன்றிருந்தது. ஒப்பந்த நிறுவனத்தின் நியமனத்தில் இட ஒதுக்கீடு கிடையாது. சமூக நீதியைத் தன் அடையாளமாகச் சொல்லும் மாநிலத்தில் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியே தனி விவாதம் நடந்திருக்க வேண்டும்.

ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் ஒரு நிதி ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தந்தது. மின்சாரப் பேருந்து இயக்கும் நிறுவனங்களுக்கு மாநிலக் கழகங்கள் பணம் தரத் தவறினால், அந்தப் பணத்தை உறுதி செய்ய 3,435 கோடி ரூபாய். முதலீடு போட்டவருக்கு அந்த உறுதி தேவைதான். அதே ஒப்பந்தத்தில் ஓட்டுநருக்கு மாதம் பிறந்ததும் சம்பளம் வருவதை உறுதி செய்ய என்ன ஏற்பாடு? நிறுவனம் விலகிப்போனால் அவருடைய பணிக்கொடை எங்கே? நிறுவனத்தின் பில் தாமதமாகக் கூடாது என்று யோசித்த மூளைக்கு, ஓட்டுநரின் சம்பளம் தாமதமாகக் கூடாது என்பதும் தோன்றியிருக்க வேண்டும். எட்டு மணி நேரம் வேளச்சேரி நெரிசலிலும் அண்ணா சாலை வெயிலிலும் அறுபது, எழுபது உயிர்களைச் சுமந்து ஓட்டுபவர், வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டே ஓட்டினால் அந்த ஆபத்து பயணிக்கும்தான்.

அடுத்த கட்டத்துக்கு முன்

சென்னைக்குப் பேருந்து வேண்டும், இப்போதே வேண்டும். புகையில்லாத, தாழ்தள, ஏறி இறங்க எளிதான இந்த 625 பேருந்துகள் வருவதை நான் வரவேற்கிறேன். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, அதைக் கிழித்துப் போடச் சொல்வது பயணியைத் தெருவில் நிறுத்தும். ஆனால் இதே முறையை அடுத்த கட்டத்துக்கும் பிற மாவட்டங்களுக்கும் கொண்டுபோவதற்கு முன் அரசு சில விஷயங்களில் உறுதி தர வேண்டும்.

கழகத்தின் சொந்தப் பேருந்துகள் எந்த எண்ணிக்கைக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட வேண்டும். ஒப்பந்தப் பேருந்து கூடுதலாக வரட்டும். கழிக்கப்படும் சொந்தப் பேருந்தின் இடத்தை அது பிடிக்கக் கூடாது. மும்பையில் உடன்பாடு இருந்தும் காப்பாற்ற முடியவில்லை என்பதால், ஆண்டுதோறும் பட்ஜெட்டில் அதற்கான தொகையோடு இது வர வேண்டும்.

பணிமனை நிலமும் சார்ஜ் நிலையமும் எந்தக் காலத்திலும் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும். நகரத்தின் நடுவே இருக்கும் பணிமனை நிலத்தின் மதிப்பு என்ன என்பது ரியல் எஸ்டேட் செய்யும் யாருக்கும் தெரியும். அடுத்த டெண்டரில் பேருந்துகளையும் அரசே வாங்கி, இயக்கத்தை மட்டும் ஒப்பந்தத்துக்கு விடும் சிங்கப்பூர் முறையைப் பரிசீலிக்க வேண்டும்.

ஓட்டுநருக்குக் குறைந்தபட்சச் சம்பளம், வேலை நேரம், பயிற்சி நாட்கள் ஆகியவை டெண்டரிலேயே நிபந்தனையாக இருக்க வேண்டும். அப்போதுதான் நிறுவனங்கள் தொழிலாளியின் வயிற்றில் அடித்து விலையைக் குறைக்காமல், திறமையில் போட்டியிடும். ஒப்பந்தம் கைமாறும்போது ஓட்டுநரின் வேலை தொடர வேண்டும். கட்டணமில்லாப் பயணமும் மாணவர் பாஸும் எந்தப் பேருந்தில் செல்லும் என்பதைக் கழகம் தெளிவாக அறிவிக்க வேண்டும். சாதாரணப் பேருந்து குறைந்து ஏசி பேருந்து கூடினால், சலுகை காகிதத்தில் இருக்கும், சாலையில் இருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு வெளியே வர வேண்டும். ஒவ்வொரு மாதமும் எந்த நிறுவனத்துக்கு எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு கொடுத்தோம், எத்தனை டிரிப் ரத்தானது, எவ்வளவு அபராதம் பிடித்தோம், எத்தனை விபத்து என்ற நான்கு வரிகளைத் தமிழில் வெளியிட ஒரு மணி நேர வேலை போதும். பேருந்து எங்கே வருகிறது என்று செல்போனில் காட்டும் தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் 2025 செப்டம்பரில் கொண்டுவந்த சென்னை ஒன் செயலியிலேயே இந்த விவரத்தையும் சேர்க்கலாம். டெண்டர் ஆவணம் ஆங்கிலத்தில் கட்டுக்கட்டாக எங்கோ கிடக்கிறது என்று பதில் சொல்வது, நிறுத்தத்தில் நிற்கும் மனிதரை அவமதிப்பதாகும்.

வாசகர்களும் இதில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பேருந்து நிற்காமல் போனால், சாய்வுப் பலகை விரிக்கப்படாமல் போனால், டிரிப் வெட்டப்பட்டால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக் கழகத்துக்குப் புகார் அனுப்புங்கள். முன்னால் இருப்பவர் தனியார், எங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தால் அதை ஏற்காதீர்கள். வண்டி யாருடையதாக இருந்தாலும், கிலோமீட்டருக்குப் பணம் கட்டுவது உங்கள் வரிப்பணம். அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அடுத்த டெண்டர் வருவதற்குள் அதைக் கேளுங்கள். கையெழுத்தான பிறகு கேட்டால் 12 ஆண்டு காத்திருக்க வேண்டும்.